தோட்டத்துக்கு எட்டிய தொலைவு

ஆலை வைத்துப் பணம் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் புகையும் இரைச்சலும் எட்டாத இடம் பார்த்துக் குடிபோய்விடுவார்கள். சாமுவேல் கிரெக் போகவில்லை. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், ஸ்டையல் கிராமத்தை ஒட்டி ஓடும் பொலின் ஆற்றின் கரையில் 1784இல் அவர் குவாரி பேங்க் நூற்பாலையைத் தொடங்கினார். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆலைக்குப் பக்கத்திலேயே வீடும் கட்டிக்கொண்டார். இரண்டுக்கும் நடுவே சில நிமிட நடைகூடக் கிடையாது. வீட்டுக்கும் ஆற்றுக்கும் இடையிலான செங்குத்தான மணற்கல் சரிவில் எழுந்ததுதான் இன்று மே மாதத்தில் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து பார்க்கும் தோட்டம்.

பாறையைக் குடைந்த படிகள், சரிவை வெட்டிப் போட்ட வளைந்த பாதைகள், ஆற்றை ஒட்டிய புல்வெளி. ஏப்ரல் கடைசியில் சுற்றியுள்ள காட்டின் தரையெல்லாம் ப்ளூபெல் பூக்களால் நீலமாகிவிடும். ஈரமான இடங்களில் காட்டுப் பூண்டின் வாடை தூக்கும். மே பிறந்தால் ரோடோடென்ட்ரான்களின் முறை: வெள்ளை, இளஞ்சிவப்பு, ஊதா, கருஞ்சிவப்பு. பூங்கொத்துகளுக்கு மேலே தலையை உயர்த்தினால் ஆலையின் செங்கல் சுவரும் வரிசையான சன்னல்களும் தெரியும். மான்செஸ்டர் விமான நிலையம் அருகிலேயே இருப்பதால் பறவைச் சத்தத்தை அவ்வப்போது விமானங்கள் அடக்கிவிடும்.

பழைய செல்வந்தர் தோட்டம் எதற்குள் நுழைந்தாலும் ஒரு கேள்வி கூடவே நுழைகிறது. இந்த அழகுக்கு விலை கொடுத்தவர்கள் யார்? அது தெரிந்த பிறகும் ஒருவர் நிம்மதியாகப் பூப் பார்க்கலாமா? கொடுங்கோலன் ஒருவன் கட்டிய மாளிகையில் இதற்கு விடை சொல்வது சுலபம். அவனைத் திட்டிவிட்டு மாளிகையை ரசித்துவிட்டு வந்துவிடலாம். குவாரி பேங்கில் அது நடக்காது. கிரெக் தம்பதியர் அக்காலத்து அளவுகோலில் நல்லவர்கள், படித்தவர்கள், கடவுளுக்குப் பயந்தவர்கள். சிக்கலே அதுதான்.

அவர்கள் யூனிட்டேரியன் கிறிஸ்தவர்கள். கடவுள் ஒருவரே என்று நம்பி, தந்தை, மகன், தூய ஆவி என்ற திரித்துவக் கோட்பாட்டை ஏற்காதவர்கள். அப்படி மறுப்பது 1813 வரை இங்கிலாந்தில் சட்டப்படி குற்றம். ஆங்கிலிக்கத் திருச்சபைக்கு வெளியே இருந்தவர்கள் அரசுப் பதவி வகிப்பதற்கு எதிரான சட்டம் 1828இல்தான் நீங்கியது. ஆக்ஸ்ஃபோர்டில் அவர்கள் சேரவே முடியாது. கேம்பிரிட்ஜில் படிக்கலாம், பட்டம் வாங்க முடியாது. மூடிய கதவுகளை விட்டுவிட்டு, திறந்திருந்த வாணிபத்துக்கும் தொழிலுக்கும் அறிவியலுக்கும் அவர்கள் போனார்கள். ஆக்சிஜனைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜோசஃப் பிரீஸ்ட்லி இந்தச் சமயப் பிரிவின் போதகர்.

திரித்துவத்தோடு இன்னொன்றையும் அவர்கள் கைவிட்டார்கள்: ஆதிப் பாவம். ஏதேன் தோட்டத்தில் ஆதாம் செய்த தவறு பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் ரத்தத்திலும் ஓடுகிறது என்பதை அவர்கள் ஏற்கவில்லை. மனிதன் கறையோடு பிறப்பதில்லை. நல்ல காற்று, நல்ல கல்வி, ஒழுங்கான பழக்கம் இவை கிடைத்தால் யாரும் நல்லவராக வளரலாம். ஏதேனை இழந்துவிட்டோம் என்று அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. மண்ணைக் கொத்தி, விதை போட்டு இங்கேயே ஒன்றை உண்டாக்கலாம் என்ற நம்பிக்கைக்கு இது கொண்டுபோய் விடுகிறது. லிவர்பூலில் யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்த வில்லியம் ராஸ்கோ 1802இல் தாவரவியல் பூங்கா ஒன்றைத் திறக்க முன்னின்றார். அதே ராஸ்கோ, அடிமை வணிகத்தால் கொழுத்த அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே, 1807இல் அந்த வணிகத்தை ஒழிக்கும் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். சாமுவேலின் மனைவி ஹன்னா லைட்பாடி லிவர்பூலில் இந்த வட்டாரத்தில் வளர்ந்தவர். மகள் எலிசபெத்தைக் கட்டிக்கொடுத்ததும் அடிமை முறையை எதிர்த்த ராத்போன் குடும்பத்தில்தான்.

இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் இடமாக ஆலைக்கு மேலே, மேட்டில், 1790இல் ஒரு வீடு எழுந்தது. அதன் பெயர் அப்ரண்டிஸ் ஹவுஸ், தொழில் பழகும் பிள்ளைகளின் விடுதி. தண்ணீர் விசையில் ஓடும் ஆலை ஆறு இருக்கும் இடத்தில்தான் இருக்க முடியும். அங்கே ஆட்கள் இல்லை. எனவே லண்டன், லிவர்பூல் போன்ற ஊர்களின் ஏழைகள் விடுதிகளிலிருந்து குழந்தைகளை ஒப்பந்தம் போட்டு அழைத்துவந்தார்கள். ஒன்பது, பத்து வயதில் வந்தவர்கள் உண்டு. உச்சத்தில் ஏறத்தாழ 90 பிள்ளைகள். பெண் குழந்தைகளே அதிகம். தொடக்க காலத்தில் ஆலையின் ஆட்களில் சுமார் பாதிப்பேர் இவர்கள். வாரத்தில் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. இழை அறுந்தால் ஒட்டுவது, ஓடும் இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்து பஞ்சுக் கழிவைப் பொறுக்குவது. சம்பளத்துக்குப் பதில் சோறும் துணியும் படுக்கையும்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. அவர்கள் சாப்பிட்ட காய்கறி அந்த வீட்டுத் தோட்டத்தில் விளைந்தது. அங்கே களை எடுத்ததும் தண்ணீர் ஊற்றியதும் அவர்களேதான். கஞ்சி கெட்டியாக இருக்கும். உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் கிடைக்கும். நட்ஸ்ஃபோர்டிலிருந்து டாக்டர் பீட்டர் ஹாலண்ட் வந்து பிள்ளைகளைச் சோதிப்பார். நாவலாசிரியர் எலிசபெத் காஸ்கெல்லின் தாய்மாமா அவர். ஆலைத் தொழிலாளர்களுக்கென்று மருத்துவர் வைத்த வழக்கத்தின் ஆரம்ப கால உதாரணங்களில் ஒன்று இது. ஹன்னாவும் அவருடைய மகள்களும் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். 1835இல் ‘உற்பத்திகளின் தத்துவம்’ என்ற தலைப்பில் ஆலை முறையைப் புகழ்ந்து எழுதிய ஆண்ட்ரூ யூர் இந்த வீட்டைப் பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வில்ம்ஸ்லோவில் இருந்த ஆங்கிலிக்க ஆலயத்துக்கு வரிசையாக நடந்துபோனார்கள். முதலாளியின் சமயம் வேறு. 1802இல் வந்த அப்ரண்டிஸ் குழந்தைகளுக்கான சட்டம் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணிக்குக் கட்டுப்படுத்தியதோடு, ஆலைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சமயப் போதனை வரை விதித்தது. அந்தப் போதனை நாட்டின் அதிகாரபூர்வத் திருச்சபையை ஒட்டியே இருக்க வேண்டும். மனசாட்சிச் சுதந்திரத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடிய ஒரு குடும்பத்தின் ஆலையில், அத்தனை குழந்தைகளுடைய ஆன்மாவின் திசையை நாடாளுமன்றம் தீர்மானித்துக்கொண்டிருந்தது.

1806 கோடையில் அந்த வீட்டிலிருந்து இரண்டு பையன்கள் ஓடிப்போனார்கள். ஜோசஃப் செஃப்டனுக்கு வயது 17, தாமஸ் பிரீஸ்ட்லிக்கு 13. நடந்தே லண்டனுக்குப் போனார்கள். பிடிபட்டபோது மிடில்செக்ஸ் நீதிபதிகள் முன் இருவரும் கொடுத்த வாக்குமூலங்கள் பதிவாகி இருக்கின்றன. அவற்றில் பெரிய கொடுமைக் கதை எதுவும் இல்லை. சாப்பாடு பரவாயில்லை, துணி பரவாயில்லை, படுக்கை சுத்தம். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றுதான் கிளம்பினார்கள். போகிற போக்கில் தாமஸ் இன்னொன்றையும் சொன்னான். வேலை செய்கையில் இயந்திரச் சக்கரத்தில் சிக்கி இடது கையில் ஒரு விரல் போய்விட்டது. ஹாலண்ட் டாக்டர் மருந்து போட்டார். சில வாரத்தில் ஆறிவிட்டது.

ஒரு விரலைப் பற்றி அந்த நூற்றாண்டின் மிகப் பிரபலமான தத்துவப் பகுதி ஒன்று உண்டு. ஆடம் ஸ்மித் 1759இல் முதலில் வெளியிட்ட ‘ஒழுக்க உணர்வுகளின் கோட்பாடு’ என்ற நூலில் ஒரு சோதனையை முன்வைக்கிறார். சீனத்தில் நிலநடுக்கம் வந்து கோடிக்கணக்கான பேர் மடிந்ததாக ஐரோப்பிய மனிதர் ஒருவருக்குச் செய்தி வருகிறது. வருத்தப்படுவார், வாழ்க்கையின் நிலையாமை பற்றி நாலு வார்த்தை சொல்வார், வணிகத்தில் என்ன பாதிப்பு என்று கணக்குப் போடுவார், பிறகு குறட்டை விட்டுத் தூங்குவார். அவருடைய சுண்டுவிரலை நாளை வெட்டப்போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். இரவு முழுக்கக் கண் மூட மாட்டார்.

இதை மட்டும் எடுத்துக்கொண்டு, மனிதன் சுயநலவாதி என்று ஸ்மித் சொல்லிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அவர் கேட்டது அதற்கு அடுத்த கேள்வி. தன் விரலைக் காப்பாற்ற அந்தச் சீனர்களை எல்லாம் கொல்லலாம் என்று வாய்ப்பு வந்தால் அந்த மனிதர் ஒப்புக்கொள்வாரா? மாட்டார், கேட்கவே நடுங்குவார். அவரைத் தடுப்பது எது? இரக்கம் என்றால் அது அத்தனை பலமானது அல்ல என்பதை இப்போதுதான் பார்த்தோம். ஸ்மித்தின் விடை: நமக்குள் உட்கார்ந்து, ‘நீ கூட்டத்தில் ஒருவன், எவரையும்விட உயர்ந்தவன் அல்லன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும் பாரபட்சமற்ற ஒரு பார்வையாளர். கண் எதிரே இருப்பவருக்கு மனம் இளகுவது இயல்பாக வரும். கண்ணுக்குத் தெரியாதவரை அந்தப் பார்வையாளரின் துணை இல்லாமல் நாம் நினைப்பதில்லை.

குவாரி பேங்கின் சன்னலிலிருந்து தெரிந்தவர்கள் அப்ரண்டிஸ் பிள்ளைகள். தெரியாதவர்கள் கரீபியன் கடலில், டொமினிக்கா தீவில் இருந்தார்கள். 1763இல் பிரிட்டனின் கைக்கு வந்த அந்தத் தீவில் நிலங்களை விற்கும் அரசு ஆணையர்களில் ஒருவர் ஜான் கிரெக், சாமுவேலின் தந்தைக்கு உடன்பிறந்தவர். அவர் வழியில் ஹில்ஸ்பரோ என்ற கரும்புத் தோட்டம் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகள். 1833இல் நாடாளுமன்றம் அடிமை முறையை ஒழித்தபோது உடைமையாளர்களுக்கு இழப்பீடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது. கிரெக் குடும்பத்துக்கும் அதில் பங்கு போனது. உழைத்தவர்களுக்கு ஒரு பென்னி இல்லை.

பஞ்சின் கதையும் வேறல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கியதிலிருந்து லங்காஷயர், செஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. ஸ்டையலில் குழந்தையின் உணவுக்கும் உடல்நலத்துக்கும் கணக்கு வைத்திருந்த அதே வணிகத்தில், அந்தக் குழந்தை நூற்ற பஞ்சைப் பறித்த கைக்கு மருத்துவர் கிடையாது, ஏடும் கிடையாது.

இங்கே வழக்கமாக ஒரு சமாதானம் வந்து நிற்கும்: அது அந்தக் காலம், அப்போது யாருக்குத் தெரியும்? தெரிந்தது. 1791இல் வில்லியம் ஃபாக்ஸ் என்பவர் வெளியிட்ட சிறு பிரசுரம், மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்காதீர்கள் என்று பிரிட்டன் முழுக்க வீடு வீடாகப் பேச வைத்தது. சுமார் 3 லட்சம் பேர் சர்க்கரையை விட்டதாக அடிமை ஒழிப்புப் போராளி தாமஸ் கிளார்க்சன் கணக்குச் சொன்னார். ஹன்னாவின் நண்பர் ராஸ்கோ அதற்கு முன்பே அடிமை வணிகத்தை எதிர்த்துக் கவிதை வெளியிட்டிருந்தார். தகவல் தொலைவில் இல்லை. விருந்து மேசையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

இன்னொரு சமாதானம் தொலைவு. கப்பலில் வாரக்கணக்கான பயணம், கண்ணால் பார்க்காத தீவு. மனம் அங்கே எட்டாததில் வியப்பென்ன? இதற்குத் தோட்டமே பதில் சொல்லிவிடுகிறது. மேல் தோட்டத்தில் இரும்பு வளைவுகளால் கட்டிய கண்ணாடி வீட்டில் திராட்சை, பீச், அன்னாசி, வாழை என்று வெப்பம் வேண்டும் பழங்களை வளர்த்தார்கள். சாமுவேலின் மகன் ராபர்ட் ஹைடு கிரெக்குக்கு ரோடோடென்ட்ரான் மீது பெரும் ஆசை. வேறெங்கும் இல்லாத கலப்பின வகைகள்கூட இங்கே இருக்கின்றன. பிரிட்டன் தோட்டங்களின் சிவப்பு ரோடோடென்ட்ரான்களில் பலவற்றுக்கு மூதாதை, பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இமயமலையிலிருந்து விதையாகப் போன மரம். நீலகிரியின் சோலைக்காடுகளில் சிவக்கப் பூப்பது அதே இனத்தின் கிளைவகை. இமயத்து விதை மாதக்கணக்கில் கப்பலில் வந்து, செஷயரின் குளிரில் முளைத்து, பூக்கும் வரை பொறுத்திருக்க ஆட்கள் இருந்தார்கள். டொமினிக்காவின் லாபம் எட்டியது, அமெரிக்காவின் பஞ்சு எட்டியது, இமயத்தின் பூவும் எட்டியது. மனிதர்களின் விஷயத்தில் மட்டும்தான் தொலைவு தொலைவாக இருந்தது.

அழகு இதை மாற்றியிருக்க வேண்டாமா? அப்படிச் சொல்லும் தத்துவவாதிகள் இருக்கிறார்கள். ஐரிஸ் மர்டாக் 1970இல் வெளியான ‘நன்மையின் இறையாண்மை’ நூலில் ஒரு தருணத்தை விவரிக்கிறார். மனக்கசப்போடு சன்னல் வழியே பார்க்கையில் வல்லூறு ஒன்று காற்றில் நிலைகொண்டிருக்கிறது. அந்த நொடியில் தன்னைப் பற்றிய புழுக்கம் மறைந்து, வல்லூறு மட்டுமே மிஞ்சுகிறது. இயற்கையை உற்றுப் பார்ப்பது அகந்தையைக் கரைக்கும், அறத்துக்கு அது முதல் பயிற்சி என்பது அவர் வாதம். அழகான வாதம். ஆனால் குவாரி பேங்கில் வளர்ந்த கிரெக் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி ஒவ்வொரு வசந்தத்திலும் கிடைத்தது. அவர்கள் என்ன ஆனார்கள்?

ராபர்ட் ஹைடு கிரெக் மான்செஸ்டரின் நாடாளுமன்ற உறுப்பினரானார் (1839-41). அதற்கு முன்பே 1837இல், வேலை நேரத்தைப் பத்து மணிக்குக் குறைக்கும் முயற்சியை எதிர்த்து நூல் எழுதினார். இளையவர் வில்லியம் ராத்போன் கிரெக் இன்னும் சுவாரசியமானவர். 1851இல் அவர் வெளியிட்ட ‘கிறிஸ்தவ உலகின் விசுவாசம்’ வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் கடவுளின் வாக்கு என்ற நம்பிக்கையைத் துணிந்து கேள்விக்கு உட்படுத்தியது. பெற்றோரின் சமயத் துணிச்சல் மகனிடம் ஒரு படி மேலே போயிருந்தது. அதே மனிதர் 1868இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், சிக்கனமான ஸ்காட்டியரைவிடக் கவலையற்ற, அழுக்கான ஐரியர்கள் வேகமாகப் பெருகிவிடுவார்கள் என்று அங்கலாய்த்தார். டார்வின் 1871இல் ‘மனிதனின் தோற்றம்’ நூலில் இந்தப் பகுதியை எடுத்துக்காட்டியதால் அது இன்றும் படிக்கப்படுகிறது. வில்லியத்தின் தந்தை சாமுவேல் பிறந்ததே அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில்.

மர்டாக் தோற்றுவிட்டார் என்று இதற்கு அர்த்தமில்லை. வல்லூறைப் பார்க்கும் கண் கூர்மையாகலாம். ஆனால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அழகு அந்தக் கண்ணுக்குச் சொல்லித்தருவதில்லை. மேட்டிலிருந்து ஆற்றையும் பூவையும் நோக்கியே பாதைகள் வளைகின்றன. தோட்டம் போடுகிறவர் பார்வையை எங்கே நிறுத்த வேண்டும், எதை மரங்களால் மறைக்க வேண்டும் என்று தெரிந்துதான் போடுகிறார். குவாரி பேங்கில் ஆலையை மறைக்கவில்லை. அது கிரெக்கின் நேர்மை. மறைக்கத் தேவையே இல்லாதபடி மற்றதெல்லாம் கடலுக்கு அப்பால் இருந்தது.

1832இல் தன் நிலத்தில் திரிந்த கலைமான் ஒன்று முட்டியதில் காயப்பட்ட சாமுவேல் தொழிலிலிருந்து ஒதுங்கினார், 1834இல் இறந்தார். டொமினிக்காவில் அடிமை முறை சட்டப்படி முடிந்ததும் அதே ஆண்டில். குடும்பம் 1939இல் ஆலையையும் கிராமத்தையும், பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்தது. ஆலையில் வணிக உற்பத்தி 1959இல் நின்றது. 2006இல் வீடும், பின்னர் மேல் தோட்டமும் அமைப்பின் கைக்கு வந்த பிறகுதான் புதர் மண்டிய பாதைகளைத் திருத்தி, இடிந்த கண்ணாடி வீட்டை மீண்டும் எழுப்பினார்கள்.

2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் தன் பராமரிப்பில் உள்ள இடங்களில் 93க்குக் காலனியத்தோடும் அடிமை முறையோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. பெரும் சண்டை மூண்டது. தோட்டம் பார்க்க வருகிறவரிடம் குற்ற உணர்ச்சியை விற்கிறார்கள் என்று ஒரு தரப்பு கொதித்தது. புகார் அறக்கட்டளைகளை மேற்பார்வையிடும் ஆணையம் வரை போனது. டிரஸ்ட் விதி எதையும் மீறவில்லை என்று 2021 மார்ச்சில் ஆணையம் முடிவு சொன்னது.

குற்ற உணர்ச்சி என்று கோபப்பட்டவர்கள் சொன்னதில் ஒரு பாதி சரி. இருநூறு ஆண்டுக்கு முந்தைய பாவத்துக்கு ரோடோடென்ட்ரான் பொறுப்பல்ல, நுழைவுச்சீட்டு வாங்கியவரும் பொறுப்பல்ல. பாவம் ரத்தத்தில் இறங்காது என்று சொன்ன யூனிட்டேரியன்களே இதை முதலில் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அந்த அறிக்கை யாரையும் பாவியாக்கவில்லை. தோட்டத்தின் பாதைகள் திரும்பாத பக்கத்தை அது காட்டியது, அவ்வளவே. அதனால் பூவின் அழகு குறைந்துவிடும் என்று பயப்படுகிறவருக்கு, அழகின் மேல் உள்ள நம்பிக்கை கொஞ்சம் குறைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்மித்தின் பார்வையாளர் நம் காலத்திலும் பஞ்சு விஷயத்திலேயே வேலை செய்திருக்கிறார். உஸ்பெகிஸ்தானில் அறுவடைக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் பிறகு ஆசிரியர்களையும் மருத்துவப் பணியாளர்களையும் அரசே பருத்திக் காட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தது. அங்கே போய்ப் பார்க்காத 300க்கும் மேற்பட்ட துணி நிறுவனங்கள் அந்தப் பருத்தியை வாங்க மாட்டோம் என்று கையெழுத்திட்டன. உஸ்பெக் மனித உரிமைச் செயல்பாட்டாளர்கள் ஆண்டுதோறும் காடு காடாகப் போய் ஆதாரம் சேர்த்தார்கள்; சிலர் சிறைக்கும் போனார்கள். 2021 அறுவடையில் திட்டமிட்ட கட்டாய உழைப்பு இல்லை என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அறிவித்த பிறகு, 2022 மார்ச்சில் அந்தப் புறக்கணிப்பு முடிவுக்கு வந்தது.